மொரீஷியஸில் ஆறு இரவு: அடுப்பை யார் பார்ப்பது?

கேள்வி: நான், கணவர், இரண்டு பிள்ளைகள் (மகளுக்கு 14 வயது, மகனுக்கு 7), மாமியார் ஆகிய ஐந்து பேரும் அக்டோபரில் பூஜை விடுமுறையை ஒட்டி மொரீஷியஸ் போகிறோம். ஆறு இரவு. டிக்கெட் போட்டாயிற்று, தங்குமிடத்தில்தான் இழுபறி. கிழக்குக் கரையில் ஒரு ரிசார்ட்டில் மூன்று வேளைச் சாப்பாடு, நொறுக்குத்தீனி, மது, குளிர்பானம் எல்லாம் சேர்த்த ஆல்-இன்க்ளூசிவ் பேக்கேஜ், இரண்டு அறைக்கு மொத்தம் 4,20,000 ரூபாய் சொல்கிறார்கள். மேற்குக் கரையில் ஃபிளிக்-ஆன்-ஃபிளாக் என்ற ஊரில் சமையலறையோடு மூன்று படுக்கையறை அபார்ட்மென்ட் 1,08,000 ரூபாய். கணவருக்கு ரிசார்ட்தான் ஆசை. எனக்கு இவ்வளவு பணம் போவதில் மனம் ஒப்பவில்லை. நானே சமைத்துக்கொள்வேன், எனக்கு அது பழகியதுதான். மாமியார் சுத்த சைவம், சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுக்கிறார். மற்றவர்கள் அசைவம் சாப்பிடுவோம். வீட்டில் யாருக்கும் குடிப்பழக்கம் இல்லை. எது சரி?
— வாசகி, ஈரோடு

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் பணக்கணக்கைவிட என்னை நிறுத்திய வரி ஒன்று உண்டு: ‘நானே சமைத்துக்கொள்வேன், எனக்கு அது பழகியதுதான்.’ வெளிநாட்டுப் பயணங்களை ஏற்பாடு செய்யும் தொழிலில் இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறேன். அபார்ட்மென்ட் எடுக்கும் குடும்பங்களில் இந்த வார்த்தையைச் சொல்பவர் எப்போதும் ஒரே ஆள்தான். சில வருடங்களுக்கு முன் நான் அனுப்பிவைத்த ஒரு குடும்பம் திரும்பி வந்ததும், அந்த வீட்டு அம்மா என்னிடம் சொன்னார்: “வீடுதான் சார் மாறுச்சு, அடுப்பு மாறலை.” ஆறு நாளும் காலை டிபன், மதியம் சாதம், இரவு சப்பாத்தி. கணவரும் பிள்ளைகளும் கடலில் இருந்தபோது அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து சமையலறை உள்ள இடம் கேட்டு வருபவர்களிடம் வாடகைக்கு முன்னால் நான் கேட்பது, யார் சமைக்கப் போகிறீர்கள், எத்தனை வேளை என்பதைத்தான்.

ஆகவே என் யோசனையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அபார்ட்மென்ட்டே எடுங்கள். ஆனால் அங்கே முழுச் சமையல் செய்வதில்லை என்று கிளம்பும் முன்பே வீட்டில் பேசி முடித்துக்கொள்ளுங்கள். மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, ஒரு நாள் முழுக்க ஒரு நல்ல ரிசார்ட்டில் விருந்தினராக இருந்துவிட்டு வாருங்கள். மொரீஷியஸில் பல ஹோட்டல்கள் இரவு தங்காதவர்களுக்கும் மதியச் சாப்பாடு, நீச்சல் குளம், கடற்கரை எல்லாம் சேர்த்து ‘டே பேக்கேஜ்’ தருகின்றன. உங்கள் கணவரின் ஆசை நியாயமானது, அதைத் தள்ளிவிட வேண்டாம். அதற்கு ஒரு நாள் போதும் என்பது மட்டும்தான் என் கருத்து.

உங்கள் குடும்பத்துக்கு ஆல்-இன்க்ளூசிவ் ஏன் பொருந்தவில்லை என்று நினைக்கிறேன் தெரியுமா? அந்த விலைக்குள் மது இருக்கிறது. பகல் முழுக்கத் திறந்திருக்கும் பாருக்கும் சேர்த்துத்தான் நபருக்கு இவ்வளவு என்று போடுகிறார்கள். குடிக்காத குடும்பம், அதிலும் ஒருவர் சுத்த சைவம் என்றால், அந்தச் செலவில் ஒரு பங்கைச் சும்மா கட்டுகிறீர்கள். இன்னொன்று, மொரீஷியஸ் ஒரே ஹோட்டலுக்குள் அடைந்து கிடக்கும் தீவு அல்ல. மாலத்தீவில் ஒரு ரிசார்ட் என்றால் பெரும்பாலும் அதுவே ஒரு தீவு. வெளியே போக ஊர் இல்லை, அங்கே சாப்பாடு சேர்த்த பேக்கேஜ் எடுப்பது புத்திசாலித்தனம். மொரீஷியஸில் ஊர் இருக்கிறது, சந்தை இருக்கிறது, கோயில், மலை, அருவி எல்லாம் இருக்கிறது. ஷமரேலில் ஏழு வண்ண மண்ணும் அருவியும் பார்க்க ஒரு நாள். மாமியாருக்காகக் கங்கா தலாவ் ஏரியும் 108 அடி சிவன் சிலையும் ஒரு நாள். போர்ட் லூயி சந்தைக்கு ஒரு நாள். இந்த மூன்று நாளும் மதியச் சாப்பாட்டை வெளியேதான் சாப்பிடுவீர்கள், ரிசார்ட்டில் ஏற்கெனவே காசு கட்டிய சாப்பாடு அங்கேயே கிடக்கும். சில ஹோட்டல்கள் பொட்டலம் கட்டித் தரும், ஆனால் அது பெரும்பாலும் சாண்ட்விச்சும் ஒரு பழமும்தான்.

‘எல்லாம்’ என்ற சொல்லுக்குள் என்ன வருகிறது என்பது ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும். காயாக், பெடல் படகு போன்ற மோட்டார் இல்லாத விளையாட்டுகள் பொதுவாகச் சேர்ந்திருக்கும். ஸ்கூபா, பாராசெய்லிங், மசாஜ், டாக்ஸி, சுற்றிப் பார்க்கும் பயணம் இவற்றுக்குத் தனிக் காசு. உங்கள் மகளுக்கு 14 வயது என்பதையும் கவனியுங்கள். பல இடங்களில் 12 வயதோடு குழந்தைக் கட்டணம் முடிந்துவிடும். உங்களுக்குத் தந்த விலையில் அவளை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று எழுத்தில் கேட்டுப் பாருங்கள்.

அடுத்து மாமியார். இதுதான் என் முடிவில் பெரும்பகுதி, பலர் யோசிக்காமல் விடுவதும் இதுதான். மொரீஷியஸ் நேரம் நம் நேரத்துக்கு ஒன்றரை மணி பின்னால். ஈரோட்டில் காலை எட்டு மணிக்குச் சாப்பிட்டு மாத்திரை போடும் வழக்கம் இருந்தால், அங்கே அவருக்கு ஆறரைக்கே பசிக்கும். ஹோட்டல் பஃபே பெரும்பாலும் ஏழு மணிக்குத்தான் திறக்கும். இரவு இன்னும் சிரமம். அங்கே ஏழரைக்கு இரவுச் சாப்பாடு என்றால், நம் ஊர்க் கணக்கில் மணி ஒன்பது. சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர் வரிசையில் தட்டோடு நிற்கும் நேரமா அது? சமையலறை இருந்தால் ஆறரைக்கு ஒரு காபி, ஒரு கிண்ணம் உப்புமா. இரவு ஏழுக்குள் தயிர்சாதம். அந்த அடுப்பின் உண்மையான பயன் இவ்வளவுதான். ஐந்து பேருக்கு விருந்து வைக்க அது வேண்டாம். மாத்திரை நேரத்தை எப்படி மாற்றுவது என்று கிளம்பும் முன் அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரைகளை மருந்துச்சீட்டோடு கைப்பையில் வையுங்கள். தூக்க மாத்திரை, வலுவான வலி மாத்திரை போன்றவை இருந்தால் அந்த நாட்டில் முன்அனுமதி வேண்டியிருக்கும், அதை முன்கூட்டியே பாருங்கள்.

என் அம்மாவை நான் அழைத்துப்போன கதையைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன், ஜூலை மாதம், கிழக்குக் கரையில் சாப்பாடு எல்லாம் சேர்த்த ஒரு ஹோட்டல். தொழிலில் இருப்பவன் என்பதால் நல்ல விலைக்குக் கிடைத்தது, எடுத்துவிட்டேன். பஃபேயில் நாற்பது வகை இருந்தது. அம்மா மூன்று நாளும் ரொட்டி, பழம், வெள்ளைச்சோறு, தயிர் என்றே ஓட்டினார். சாலட்டில் என்ன ஊற்றியிருக்கிறார்கள், சூப் எதில் கொதித்தது என்று பரிமாறுபவர்களுக்கே தெரியவில்லை. மூன்றாம் நாள் இரவு மெதுவாகக் கேட்டார், “கொஞ்சம் ரசம் கெடைக்குமாப்பா?” நான் சமையல் பகுதிக்குப் போய் ஆங்கிலத்தில் விளக்க முயன்றேன். உள்ளே இருந்த பெரியவர் ஒருவர் நிமிர்ந்து பார்த்து, “ரசோன்?” என்றார். மொரீஷியஸின் கிரியோல் மொழியில் ரசத்துக்கு அதுதான் பெயர். அன்றிரவு அம்மாவுக்குச் சூடாக ஒரு கிண்ணம் வந்தது. அந்த மனிதரின் முகம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் ஆறு நாளுக்குக் காசு கட்டியவருக்கு நிறைவாகச் சாப்பாடு கிடைத்தது நான்காம் நாளிலிருந்துதான்.

அந்த ரசோன் எனக்கு ஒரு வாசலைத் திறந்தது. அடுத்த முறை அபார்ட்மென்ட் எடுத்து, சந்தைக்கு நானே போனேன். அங்குள்ள தமிழர்கள் பலர் வீட்டில் பேசுவது கிரியோல்தான். தமிழில் பேசினால் பதில் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் காய்கறிக் கூடைக்குள் தமிழ் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. கொத்தமல்லி அங்கே ‘கோத்தோமிலி’. கறிவேப்பிலை ‘காரிபுலே’. பீர்க்கங்காய் ‘பிப்பங்காய்’. முருங்கைக்கீரை ‘ப்ரேத் முரும்’, ப்ரேத் என்றால் கீரை. பாகற்காய், புடலங்காய், வெண்டைக்காய், சேப்பங்கிழங்குக் கீரை, எல்லாமே உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகவும், அதற்கும் முன்னால் கட்டடம் கட்டவும் கைத்தொழில் செய்யவும் நம் கடற்கரைகளிலிருந்து கப்பலேறியவர்கள் விட்டுச்சென்ற சொற்கள் இவை. அந்நாட்டு ரூபாய் நோட்டிலும் தமிழ் எழுத்து அச்சாகியிருக்கும். பிள்ளைகளிடம் நோட்டைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள், என் மகனுக்கு அந்த ஒரு நோட்டு ஊரையே நெருக்கமாக்கியது.

சரி, யார் எப்போது சமைப்பது? நான் சொல்வது இப்படி. காலையில் எளிதாக, ரொட்டி, முட்டை, பழம், மாமியாருக்கு உப்புமா. இதை உங்கள் கணவரும் மகளும் பார்த்துக்கொள்ளட்டும், பெரிய வித்தை எதுவும் இல்லை. மதியம் வெளியே. இரவு ஒரு குக்கர் சாதம், ஒரு ரசம் அல்லது பருப்பு, தயிர். அசைவம் வேண்டுபவர்களுக்கு வெளியிலிருந்து வாங்கி வந்துவிடலாம். இரவுக்கு நீங்கள் அடுப்பில் நிற்பது அரை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. பாத்திரம் கழுவுவது உங்கள் வேலை இல்லை. இதைச் சொல்லச் சங்கடமாக இருந்தால் என் பதிலையே வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

மதியத்துக்கு வெளியே என்றதும் பெரிய ஓட்டலை நினைக்காதீர்கள். அந்த ஊரின் உயிர் ‘தால் பூரி’. கடலைப்பருப்பு போன்ற மஞ்சள் பட்டாணிப் பருப்பை வேகவைத்து அரைத்து மாவுக்குள் வைத்துத் தேய்த்த மெல்லிய ரொட்டி, நம் பருப்புப் போளியின் இனிப்பில்லாத தங்கை. இரண்டு ரொட்டியை ஜோடியாக வைத்து, பெரிய அவரைக்கொட்டைக் குழம்பு, தக்காளித் தொக்கு, ஊறுகாய், பச்சைமிளகாய்த் துவையல் தடவிச் சுருட்டித் தருவார்கள். மலிவு, சூடு, வழக்கமான முறையில் அது சைவம். ‘கத்தோ பிமா’ என்று ஒரு பலகாரம், வாயில் போட்டால் நம் பருப்பு வடைதான். மாமியாருக்காக ஒரு எச்சரிக்கை: வறுத்த நூடுல்ஸ், உருண்டைகள் போட்ட சூப் இவற்றில் காய்கறி மட்டும் தெரிந்தாலும் மீன் அல்லது சிப்பி சாஸ், இறால் இருக்கக்கூடும். அங்கே விரதத்துக்கு ‘கரேம்’ என்பார்கள். “கரேம்” என்று சொன்னால் மீனும் கறியும் கூடாது என்று கடைக்காரர் உடனே புரிந்துகொள்வார். ‘வெஜிடேரியன்’ என்று ஆங்கிலத்தில் விளக்குவதைவிட எனக்கு அது நன்றாகப் பலித்திருக்கிறது. முட்டை வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்லுங்கள்.

ஊரிலிருந்து மூட்டை கட்டுவதில் நம்மவர்கள் தவறுவது இங்கேதான். கறிவேப்பிலை, காய், பழம், விதை எதையும் கொண்டுபோக வேண்டாம். தாவரப் பொருள்களை அனுமதியில்லாமல் உள்ளே விடுவதில்லை, விமான நிலையத்திலேயே எடுத்துக்கொள்வார்கள். அரிசி, பருப்பு, புளி, தயிர் எல்லாம் அங்கே சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும். பிரிக்காத பாக்கெட்டில் ரசப்பொடி, சாம்பார்பொடி போதும், அதையும் வருகைப் படிவத்தில் மறைக்காமல் குறிப்பிடுங்கள். மூன்று லிட்டர் குக்கர் ஒன்று கட்டாயம், ஏனென்றால் அங்குள்ள அபார்ட்மென்ட்களில் குக்கர் இருப்பது அரிது. அடுப்பு கேஸா, இண்டக்‌ஷனா என்று முன்னதாகக் கேளுங்கள். இண்டக்‌ஷன் என்றால் அலுமினியக் குக்கர் வேலைக்கு ஆகாது. நம் ஊர் மூன்று முனை பிளக் அங்கே பொருந்தாது, பிரிட்டிஷ் வகைச் சதுர முனை பிளக்குக்கான அடாப்டர் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கணக்கையும் போட்டுவிடுவோம். உத்தேசமாகத்தான். அபார்ட்மென்ட் 1,08,000. ஐந்து பேருக்கும் பெட்டிகளுக்கும் ஏழு இருக்கை வண்டி ஆறு நாள், பெட்ரோலோடு 36,000 வரை வைத்துக்கொள்ளுங்கள். மளிகை, காய்கறிக்கு 20,000. வெளியே சாப்பிட 30,000. ரிசார்ட்டில் ஒரு நாள், ஐந்து பேருக்கு 22,000. கூட்டினால் 2,16,000 வருகிறது. அந்த நாட்டு ரூபாய் ஒன்று நம் பணத்தில் இரண்டு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு என்று வைத்து இதைப் போட்டிருக்கிறேன். ரிசார்ட் பேக்கேஜில் பாதிக்குச் சற்று மேல். ரிசார்ட்டில் தங்கினாலும் ஊர் சுற்ற வண்டிச் செலவு உண்டு என்பதால், உண்மையான வித்தியாசம் இதைவிடவும் கூடும்.

வண்டி ஓட்டுவது சிரமம் இல்லை. நம்மைப் போலவே இடதுபக்கம்தான், ஸ்டீரிங் வலதுபக்கம். உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் எடுத்துப்போனால் வாடகை நிறுவனத்தில் பேச்சு வராது. கணவருக்கு மலைப்பாதை தயக்கமாக இருந்தால், ஷமரேல் போகும் நாளுக்கு மட்டும் ஓட்டுநரோடு வண்டி எடுக்கலாம். பேருந்து மலிவு, ஆனால் மாலைக்குப் பிறகு குறைந்துவிடும்.

நீங்கள் பார்த்திருக்கும் ஊர் நல்ல தேர்வு. ஃபிளிக்-ஆன்-ஃபிளாக்கில் சவுக்கு மர நிழலோடு நீண்ட பொதுக் கடற்கரை, பவளத்திட்டு அலையை வெளியிலேயே நிறுத்திவிடுவதால் கரையோரம் அமைதியான தண்ணீர், சூரியன் மறைவது கண்ணெதிரே. மொரீஷியஸில் கரையோரம் எல்லாருக்கும் பொது. அபார்ட்மென்ட்டில் தங்குவதால் கடல் கிடைக்காது என்ற கவலை வேண்டாம். ஞாயிறு அன்று உள்ளூர்க் குடும்பங்கள் அண்டாவில் பிரியாணியோடு வந்து மரத்தடியில் பாய் விரிப்பார்கள். மகனுக்கு ரப்பர் அடிப்பாகம் உள்ள நீர்க்காலணி வாங்குங்கள், கல்லிடுக்கில் கடல் முள்ளெலி இருக்கும். கிழக்குக் கரையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்கிழக்குக் காற்று பலமாக அடிக்கும், அக்டோபரில் தணிந்துவிடும். ஆகவே காற்றைக் காரணமாகச் சொல்லி அந்த ரிசார்ட்டை நான் ஒதுக்கவில்லை. தெற்கில் கிரி கிரி பக்கம் பவளத்திட்டு இல்லாததால் அலை முரட்டுத்தனமானது, பார்க்க மட்டும் போங்கள், யாரும் இறங்க வேண்டாம்.

நடுவழி ஒன்றும் உண்டு. எம்.ஏ.பி. என்று ஏஜென்ட்கள் சொல்வார்கள், காலையும் இரவும் ஹோட்டலில், மதியம் நம் பாடு. மொரீஷியஸில் இது மிகவும் பழக்கமான முறை. மாமியார் வரவில்லை என்றால் இதையே உங்களுக்குச் சொல்லியிருப்பேன். வெளியே எங்கும் போகாமல் நான்கு நாள் அப்படியே கிடக்கலாம் என்று நினைக்கும் புதுமணத் தம்பதிக்கும், கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கும் ஆல்-இன்க்ளூசிவ் நல்லதுதான். உங்கள் வீட்டு ஆள்களை வைத்துப் பார்த்தால் பொருந்தவில்லை.

முன்பணம் கட்டும் முன் அபார்ட்மென்ட்காரரிடம் சிலவற்றைக் கேளுங்கள். சுற்றுலாத் துறையின் உரிமம் பெற்ற இடமா? சொன்ன விலையில் 15 சதவீத வாட் வரி, சுத்தம் செய்யும் கட்டணம், அரசின் சுற்றுலாக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா? மாமியாருக்குப் படி ஏறாத தரைத்தளமோ லிஃப்டோ உண்டா? நடந்து போகும் தூரத்தில் கடை இருக்கிறதா? முகவரியோடு உறுதிச்சீட்டு அனுப்புவார்களா? இந்தியக் கடவுச்சீட்டுக்கு முன்கூட்டி விசா எடுக்க வேண்டியதில்லை, ஆனால் குடிவரவில் தங்குமிடச் சீட்டும் திரும்பும் டிக்கெட்டும் கேட்பார்கள்.

நீங்கள் போய் இறங்கும் நாள் ஞாயிறாக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். மதியத்தோடு பல கடைகள் மூடிவிடும். விமான நிலையத்திலிருந்து ஃபிளிக்-ஆன்-ஃபிளாக் போக ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். வழியிலேயே நிறுத்தி அரிசி, பால், தயிர், ரொட்டி, முட்டை வாங்கிவிடுங்கள். அன்று இரவு யாரும் சமைக்க வேண்டாம். மாமியாருக்கு மட்டும் கொஞ்சம் சாதம் வைத்துவிட்டு, மற்றவர்கள் கடற்கரையில் நடந்துபோய்க் கிடைப்பதை வாங்கிச் சாப்பிடுங்கள்.